அம்மாவின் சைக்கிளுக்கு ஒரு கழுத்து

சைக்கிளில் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் கழுத்துதான். பஞ்சர் என்றால் காற்று போவது தெரியும். செயின் கழன்றால் கால் சும்மா சுற்றும். பிரேக் பிடிக்காவிட்டால் எதிரே வருகிறவர் திட்டுவார். கழுத்து மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் கெட்டுப்போகும். ஹேண்டில் பாரும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க்கும் சேர்ந்து திரும்புகிற இடம் அது. அங்கே பிரேமின் குழாய்க்குள் மேலே ஒரு கப், கீழே ஒரு கப், அவற்றுக்குள் பால்ரஸ் குண்டுகள். கடையில் மொத்தத்தையும் ஹெட் செட் என்பார்கள். குண்டுகள் ஒரே இடத்தில் அழுந்தி அழுந்திக் கப்பில் குழி விழுந்துவிட்டால், ஹேண்டில் நேராக இருக்கும்போது குண்டுகள் அந்தக் குழியில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். நேரே போகும்வரை ஒன்றும் தெரியாது. வளைவில்தான் வண்டவாளம் தெரியும்.

என் அம்மாவின் சைக்கிள் அப்படித்தான் கெட்டது. முதலில் அது என் சைக்கிள். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் எல்லோருக்கும் கொடுத்ததுபோல எனக்கும் கொடுத்தது. அதில்தான் திருத்துறைப்பூண்டிக்குப் போய்ப் படித்தேன். பிறகு பாலிடெக்னிக், பிறகு சென்னைப் பக்கம் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன் வேலை. செய்து வருகிற பாகம் சொன்ன அளவில் இருக்கிறதா என்று வெர்னியர் காலிபரை வைத்து அளந்து பார்ப்பது, இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவது. இந்த வேலை என் குணத்துக்குப் பொருத்தம் என்று தம்பி சொல்வான். பாராட்டாகச் சொல்வதில்லை.

நான் போனபிறகு வீட்டில் சும்மா நின்ற சைக்கிளை அம்மா எடுத்துக்கொண்டாள். நாற்பது வயதைத் தாண்டியவள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அறுவடை முடிந்த வயலில் தானே ஓட்டிப் பழகினாள். பின்னால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமா என்று கேட்டவர்களை விரட்டிவிட்டாளாம். ஒரு பொங்கல் லீவில் நான் பஸ்ஸைவிட்டு இறங்கினால், பஸ் ஸ்டாப்பில் என்னை அழைத்துப்போக அம்மா சைக்கிளோடு நிற்கிறாள். என் பையை ஹேண்டிலில் மாட்டி, என்னைப் பின்னால் உட்காரச் சொன்னாள். சம்பளம் வாங்குகிற மகளைக் கேரியரில் வைத்து ஊருக்குள் ஓட்டிவந்தாள். அன்றைக்குப் பட்ட பெருமையை நான் வேறு எதற்கும் பட்டதில்லை.

அப்பா இறந்தபிறகு அம்மாதான் விவசாயம். வாழ்க்கையில் பாதி நாள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள், நாலு மா, அதாவது ஒன்றேகால் ஏக்கர் சொச்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மெல்ல அதையே விலைக்கும் வாங்கிவிட்டாள். அந்த நிலம் ஊருக்கு மறுபக்கம் இருக்கிறது. எங்கள் குடியிருப்பிலிருந்து அங்கே போக நேர்வழி மேலத்தெரு.

மேலத்தெருவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் எனக்குக் கோபம் வரும். அம்மா சின்னப்பெண்ணாக இருந்தபோது எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போக முடியாது. தெருமுனையில் இறங்கி, தள்ளிக்கொண்டே நடந்து, மறுமுனையில்தான் ஏற வேண்டும். தன் அப்பா அப்படித் தள்ளிக்கொண்டு போனபோது அம்மா கூடவே நடந்திருக்கிறாள். பிறகு எங்கள் ஆட்கள் கொடி பிடித்தார்கள், அடி வாங்கினார்கள், கேஸ் நடந்தது, அந்த வழக்கம் ஒழிந்தது. இன்றைக்கு அங்கே யாரும் யாரையும் இறங்கச் சொல்வதில்லை. என் தம்பி பைக்கில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போகிறான். ஆனால் அம்மா ஒன்றில் உறுதியாக இருந்தாள். சைக்கிள் ஓட்டத் தெரிந்த நாளிலிருந்து மேலத்தெருவில் அவள் ஒரு காலைக்கூடக் கீழே ஊன்றியதில்லை. மாடு குறுக்கே நின்றால் வளைத்துக்கொண்டு போவாள். எதிரே டிராக்டர் வந்தால் சுவரோரமாக ஊர்ந்து போவாளே தவிர நிற்கமாட்டாள். இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

போன சம்பா நடவுக்கு நான் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். மறுநாள் காலையில் அம்மா மண்வெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பியவள், மேலத்தெருப் பக்கம் திரும்பாமல் வடிகால் கரையில் இறங்கிப் போனாள். அது சுற்றுவழி. கரை முழுக்க கருவேல முள்ளும் சேறும். மதியம் திரும்பியதும் கேட்டேன்.

“என்னம்மா, வடிகால் பக்கம் போற?”

“அந்தப் பக்கம் நல்லா காத்து வருது.”

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். அவன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன், எங்கள் பக்கத்து வீட்டிலேயே மனைவியோடு தனிக்குடித்தனம், சாப்பாடு மட்டும் பெரும்பாலும் இங்கே. “காத்தாவது ஒண்ணாவது. சைக்கிள் கழுத்து புடிக்குதுக்கா. குளத்துமூலையில திருப்ப முடியல. அதான் மகாராணி சுத்திக்கிட்டு போறாங்க.”

“ஒன்ன கேட்டாளா?” என்றாள் அம்மா. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள்.

சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே மேலத்தெருவுக்குப் போனேன். குளத்துமூலை என்பது தெருவின் நடுவில் குளத்துச் சுவரை ஒட்டி இடது பக்கம் மடங்குகிற இடம். பாதி வழி வரை ஒன்றுமில்லை. மூலை வந்து ஹேண்டிலைத் திருப்பினேன். அது திரும்பவில்லை. கொஞ்சம் பலம் கொடுத்ததும் வெடுக்கென்று குழியைவிட்டு எகிறி, நான் கேட்டதற்கு மேலேயே திரும்பியது. சைக்கிள் தடுமாறிச் சுவரை நோக்கிப் போனது. காலை ஊன்றி இறங்கிவிட்டேன். மறுபடி ஏற ஓட்டம் கிடைக்கவில்லை, மூலை தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போனேன். ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படிக்க ஆரம்பித்தார். அவர் மனதில் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் எனக்கு முதுகு முழுக்க எரிந்தது. அம்மா ஏன் முள்ளிலும் சேற்றிலும் போகிறாள் என்பது அப்போதுதான் எனக்குச் சரியாக விளங்கியது. தன் அப்பா தள்ளிக்கொண்டு போன தெருவில் தானும் தள்ளிக்கொண்டு போக அவள் தயாராக இல்லை.

வடிகால் கரை அடைமழை வரும்வரைதான் தாங்கும். ஐப்பசி பிறந்து நாலு மழை அடித்தால் அங்கே மனிதர் நடக்க முடியாது. அதற்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டே வழி. மேலத்தெருவில் இறங்கித் தள்ளுவது, அல்லது தம்பி ஓய்வாக இருக்கும்போது அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவது. தம்பி அதைத்தான் சொன்னான்.

“நான் கொண்டாந்து விடறேங்கிறேன், கேட்டா தானே. இந்த ஓட்டைய இரும்புக்கடையில போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்.”

“நீ எழுந்திரிக்கிற நேரத்துக்கா எனக்குத் தண்ணி வரும்?” என்றாள் அம்மா. “மடைய தொறக்குற நேரம் மடைக்காரங்களுக்கே தெரியாது. ஒன் பின்னாடி ஒக்காந்தா நீ எறக்கிவுடுற எடத்துலதான் நான் எறங்கணும்.”

புது சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றேன். அதற்கும் தலையை ஆட்டவில்லை. இப்போது வருகிற லேடீஸ் சைக்கிள்களின் போர்க்கைப் பார்த்தாலே அவளுக்குச் சிரிப்பு வருகிறதாம், கட்டிய நாற்று முடி இரண்டைத் தாங்காதாம். “கழுத்து வலிச்சா கழுத்தத்தான பாக்கணும். ஆளையே மாத்துவியா?” என்று கேட்டாள். அவள் சொன்னது சரிதான். தவிர, என் உத்தியோகமே இதுதானே. என் லீவு முடிவதற்குள் சரிசெய்துவிடுகிறேன் என்று வாய்கொழுத்துச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் வாசலில் சாக்கை விரித்து சைக்கிளைக் கவிழ்த்துப் பிரித்தேன். உள்ளே குண்டுகள் துருப்பிடித்து, கிரீஸ் இருந்த இடத்தில் சேறு இருந்தது. காரணம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. நடவுக் காலத்தில் எங்கள் பக்கத்தில் நாற்றுப் பறித்த கையோடு முடிகளைச் சைக்கிளில் ஏற்றுவார்கள். கேரியரில் அடுக்கியது போக மிச்சத்தை ஹேண்டிலின் இரண்டு பக்கமும் தொங்கவிடுவார்கள். வேரில் ஒட்டிய சேற்றுத்தண்ணீர் வயல் போய்ச் சேரும்வரை சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டுகிற இடம் கழுத்து. வேறு எந்த ஊர் சைக்கிளுக்கும் இப்படி ஒரு சாவு வராது.

“நல்லா நாத்தங்காலுக்குத் தண்ணி பாச்சற மாதிரி பாச்சியிருக்க,” என்றேன்.

“பயிரு வெளைஞ்சுதா இல்லையா?” என்றாள் அம்மா.

பழைய கப்புகளைத் தட்டிக் கழற்றி, கிரீஸைத் துடைத்து, என் வெர்னியரில் அளந்தேன். அது கம்பெனியுடையது அல்ல, என் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. எங்கே போனாலும் பையில் இருக்கும். கப்பின் வெளிவிட்டம், கப் உட்கார்ந்திருந்த பிரேம் குழாயின் உள்விட்டம் இரண்டையும் பார்த்தேன். ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தின. கீழ்க் குண்டுகள் உருளுகிற கோன், போர்க்கின் தோளில் உட்காருகிற வளையம், அதையும் அளந்துகொண்டேன். நம்பர்களைக் கை விரலில் எழுதாத குறையாக மனப்பாடம் செய்துகொண்டு திருத்துறைப்பூண்டிக்குப் போனேன்.

அங்கே சைக்கிள் கடையில் என் நம்பர்களை யாரும் சட்டை செய்யவில்லை. “எல்லா வண்டிக்கும் ஒரே சைஸ்தாம்மா. லூசா இருந்தா புள்ளி அடிச்சு ஏத்திரலாம், டைட்டா இருந்தா ராவிரலாம்,” என்றார் கடைக்காரர். உளியின் முனையால் சுற்றிலும் புள்ளி புள்ளியாகக் குத்தினால் இரும்பு பிதுங்கி இறுகும், அதைத்தான் சொல்கிறார். ராவுவது அரத்தால் தேய்ப்பது. எங்கள் ஊரில் பம்பு செட் முதல் பவர் டில்லர் வரை அப்படித்தான் ஓடுகின்றன. ஓடட்டும். குவாலிட்டி செக்‌ஷனில் அந்த வார்த்தையைச் சொன்னால் எனக்குக் காய்ச்சல் வரும். நன்றி சொல்லிவிட்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்.

தஞ்சாவூரில் சைக்கிள் உதிரிபாகம் மட்டுமே விற்கிற ஒரு கடை. கடைக்காரர் அதிராம்பட்டினத்துக்காரர். சவுதியில் இருந்துவிட்டு வந்து மாமனார் கடையை எடுத்து நடத்துகிறார். இதை அவரே நான் கேட்காமல் சொன்னார். பேச்சுப் பிரியர். “வாங்கம்மா, சொல்லுங்க. என்ன வண்டி, என்ன வருசம்?” என்றார். நான் வண்டியைச் சொல்லாமல் அளவைச் சொன்னேன்.

“அளவு சொல்லிக் கேக்குற ஆள இப்பதான் பாக்குறேன். இஞ்சினியரா நீங்க?”

“அளக்கிறவ,” என்றேன்.

கேட்ட அளவிலேயே ஒரு செட் எடுத்துக் கொடுத்தார். கல்லாவின்மேல் வைத்து அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. ஊருக்கு வரும்வரை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வேலையைச் சுத்தமாகச் செய்ய வேண்டுமென்று பிரேம் குழாயை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தேன். துருவும் அழுக்கும் பட்டையாக உரிந்து வந்தன. உரிந்ததைக் குப்பையில் போட்டுவிட்டு, புதுக் கப்பை எடுத்து வைத்தேன். கப் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. விரலால் தள்ளினால் ஆடியது. கப் என்றால் அடித்து ஏற்ற வேண்டும், அத்தனை இறுக்கமாக இருக்க வேண்டும். மறுபடி அளந்தேன். கப் சரியாக இருந்தது. குழாய் காலையில் இருந்த அளவில் இல்லை, கொஞ்சம் பெருத்திருந்தது. இரும்புக் குழாய் மண்ணெண்ணெய் குடித்து ஊதுமா? எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

தம்பி வந்து எட்டிப் பார்த்தான். “என்னக்கா, திருப்பி அனுப்பற கேஸா?” என்றான். கையில் இருந்த ஸ்பேனரை அவன்மேல் எறியாமல் இருந்தது அவன் மனைவி பார்த்துக்கொண்டிருந்ததால்தான்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குப்பையைப் பார்த்துவிட்டு, “அந்தத் தகரத்த ஏண்டி எடுத்துப் போட்ட?” என்று கேட்டாள்.

“எந்தத் தகரம்?”

எழுந்துவந்து நான் துரு என்று போட்ட பட்டையைக் குப்பையிலிருந்து எடுத்தாள். புடவையில் துடைத்துக் காட்டினாள். ஒரு பக்கம் துரு, மறுபக்கம் மஞ்சளும் பச்சையுமாக எண்ணெய் டின்னின் படம். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கடையில் கப் மாற்றியபோது சின்னதைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அது ஆடியது. மண்வெட்டிக் காம்பு ஆடினால் என்ன செய்வோமோ அதை அம்மா செய்திருக்கிறாள். எண்ணெய் டின்னைக் கத்தரித்து, குழாய்க்குள் வளையமாகச் சுற்றி, கப்பை அதற்குள் அடித்து இறக்கிவிட்டாள். காலையில் நான் குழாய் என்று நினைத்து அளந்தது அம்மாவின் தகரத்தை. கப் சின்னது, தகரம் வைத்துக் குழாயும் சின்னது, இரண்டும் பொருந்தாமல் என்ன செய்யும்?

“நல்லா இருந்துச்சா?” என்று அம்மா கேட்டாள்.

“என்ன?”

“நான் வெச்ச வேல. நீ அளந்தியே, தெரிஞ்சுதா?”

“தெரியல,” என்றேன்.

அம்மாவின் முகத்தில் வந்த சிரிப்பை என்னால் சொல்ல முடியாது. கம்பெனியில் என் கண்ணைத் தாண்டி ஒரு பாகம் போகாது என்று நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அளந்துவிட்ட கதைகளை அவள் கேட்டிருக்கிறாள். அந்தக் கண்ணையே அவளுடைய தகரம் தாண்டிவிட்டது. எனக்கு எரிச்சலும் வந்தது, உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. இந்தக் கை எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் அந்தத் தகரத்தைக் காட்டலாம்.

“சரி, அதையே திரும்ப வெச்சு அடி,” என்றாள் அம்மா. “நாலு வருசம் ஓடுச்சுல்ல?”

“ஓடுச்சு. தகரம் ஒரு பக்கம் அழுந்தும், ஒரு பக்கம் அழுந்தாது. கப்பு கோணலா ஒக்காரும். குண்டு ஒரே எடத்துல குத்தும். அதான் குழி விழுந்து இப்ப குளத்துமூலையில புடிக்குது. திரும்ப வெச்சா திரும்ப அங்கதான் கொண்டாந்து நிறுத்தும்.”

குளத்துமூலை என்றதும் தகரத்தை நானே போட்ட குப்பையில் அவளே மறுபடி போட்டாள்.

இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். குழாயின் வெறும் இரும்பைச் சுரண்டிப் பார்த்து, மேலே கீழே, குறுக்கே நெடுக்கே அளந்தேன். கப் பெரிதாக இருந்தால் போதாது, போர்க்கின் தோளுக்குக் கோன் சரியாக இருக்க வேண்டும், மேலே நட்டு ஏறுகிற மரை சேர வேண்டும். இன்னொன்றும் உண்டு, பலர் விட்டுவிடுவது. கப்புகள் உயரமாக இருந்துவிட்டால் போர்க்கின் தண்டு மேலே எட்டாது, நட்டுக்குப் பிடிக்க மரை மிஞ்சாது. குழாயின் நீளத்தையும் தண்டின் நீளத்தையும் அளந்து கழித்து, கப்புகளுக்கு எவ்வளவு உயரம்தான் இடம் என்று பார்த்துக்கொண்டேன். மரையை அளவு சொல்லி நம்ப எனக்கு இனி மனமில்லை. போர்க்கையே சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் சாக்கை விலக்கிப் பார்த்தார். “மிச்ச சைக்கிள் எங்கம்மா, அடுத்த பஸ்ல வருதா?” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மன்னார்குடி வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

கடைக்காரர் என்னையும் போர்க்கையும் பார்த்துவிட்டு டீ சொன்னார். நடந்ததைச் சொன்னேன். எண்ணெய் டின் என்றதும் கல்லாவில் தட்டிச் சிரித்தார். “ஒங்கம்மாவ நான் வேலைக்கு எடுத்துக்கறேன்,” என்றார். பிறகு தேடினார். முதலில் ஒன்றை எடுத்தார். குழாய்க்குச் சரி, கோனும் சரி, ஆனால் கப் உயரம். “ஒரு வாசரக் கொறைச்சுக்கலாம்மா,” என்றார். கழித்து வைத்திருந்த உயரத்தைச் சொன்னேன், வாசரைக் கழற்றினாலும் நட்டு அரைகுறையாகத்தான் பிடிக்கும். இன்னொன்று எடுத்தார். எல்லாம் சரி, மரை பாதிச் சுற்றிலேயே முரண்டு பிடித்தது. “ஸ்பேனர் போட்டா போயிரும்.” போகும், போர்க்கின் மரையையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். வேண்டாம் என்றேன்.

அவருக்குப் பொறுமை போய்விட்டது. கடையின் பின்னால் பழைய சரக்கு கொட்டிவைத்திருந்த ஒரு மரப்பெட்டியைக் காட்டி, “மாமனார் காலத்துச் சரக்கு. நீங்களே பாத்துக்கங்க. இருந்தா ஒங்க அதிர்ஷ்டம்,” என்றார்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். இது என் வேலை. நாள் முழுக்க நான் செய்வது இதுதான், ஏசி இல்லை, அவ்வளவே வித்தியாசம். ஒவ்வொரு கப்பாக எடுத்து, துடைத்து, வெர்னியரில் பிடித்து, ஆகாததை இடது பக்கம் போட்டேன். கடைக்கு வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் என்னிடமே டியூப் விலை கேட்டார். இடது பக்கக் குவியல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, பிரிக்காத ஒரு செட் கிடைத்தது. விட்டம் வந்தது. உயரம் வந்தது. கோனைப் போர்க்கின் தோளில் வைத்தேன், இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. நட்டை மரையில் வைத்து ஒரே விரலால் சுற்றினேன். எண்ணெயில் விட்டதுபோல அடிவரை போனது.

“கெடச்சிருச்சா?” என்றார் கடைக்காரர்.

“கெடச்சிருச்சு,” என்றேன். ஒரு இரும்பு வளையத்துக்காக அழுதாள் என்று தஞ்சாவூரில் பெயர் வாங்க வேண்டாமென்று சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் தம்பி சுத்தியலோடு வந்தான். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவன் மெஷின் பெட்டியிலிருந்து நீளமான போல்ட்டும் கனத்த வாசர்களும் வாங்கிக்கொண்டேன். குழாய்க்குள் போல்ட்டை விட்டு, இரண்டு பக்கமும் வாசர் வைத்து, நட்டைத் திருகத் திருக, கப்புகள் இரண்டும் கோணாமல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் உட்கார்ந்தன. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து பார்த்தான். கிரீஸ் வைத்து, புதுக் குண்டுகளை அடுக்கி, போர்க்கை ஏற்றி, நட்டை இறுக்கிப் பிறகு கொஞ்சம் தளர்த்தி, லாக் நட்டால் பூட்டினேன். பழைய டியூபை வெட்டிக் கழுத்துக்கு ஒரு உறையும் போட்டேன், நாற்றுத் தண்ணீர் இனி வெளியே வழியட்டும். முன்பக்கத்தைத் தூக்கி சைக்கிளை லேசாகச் சாய்த்தேன். சக்கரம் தானாகவே ஒரு பக்கம் திரும்பியது. மறுபக்கம் சாய்த்தேன், அந்தப் பக்கம் திரும்பியது. நடுவில் எங்கேயும் நிற்கவில்லை.

அம்மா வந்து அதேபோலச் செய்து பார்த்தாள். பிறகு இன்னொரு முறை. “தகரம் எதுவும் வெக்கலயே?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“ம்,” என்றாள்.

விடிந்ததும் நாற்று முடிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். கேரியரில் நிறைய, ஹேண்டிலில் பக்கத்துக்கு இரண்டு. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலத்தெரு முனைவரை பின்னாலேயே நடந்தேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தெருவுக்குள் நுழைந்து, நேராக நிமிர்ந்து மிதித்துக்கொண்டு போனாள். சேற்றுத்தண்ணீர் அவளுக்குப் பின்னால் தெரு முழுக்க இரண்டு கோடாகச் சொட்டிக்கொண்டு போனது. குளத்துமூலை வந்தது. ஹேண்டில் திரும்பியது, சைக்கிள் திரும்பியது, அவ்வளவு பாரத்தோடு ஒரு ஆட்டம்கூட இல்லாமல் சுவரோரம் வளைந்து அம்மா மறைந்துபோனாள்.

அப்பாடா என்று திரும்பியிருக்கலாம். மூலைவரை போய்ப் பார்ப்போமே என்று போனேன். பார்த்தால், மூலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சைக்கிள் ஸ்டாண்ட் போட்டு நிற்கிறது. அம்மா இறங்கியிருந்தாள். மேலத்தெருவில், இரண்டு காலும் தரையில்.

நான் ஓடினேன். லாக் நட்டு கழன்றுவிட்டதா, கப் உடைந்துவிட்டதா, எந்த அளவை விட்டேன் என்று ஓடிக்கொண்டே யோசித்தேன். அழுகை வந்துவிட்டது.

“என்னம்மா ஆச்சு? புடிச்சுக்கிச்சா?”

அம்மா அங்கிருந்த பெட்டிக்கடையின் முன்னால் நின்று வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். என்னையும் என் கையில் இருந்த ஸ்பேனரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

“வெத்தல தீந்துபோச்சு. எறங்குனேன்.”

அந்தக் கடை அங்கே எத்தனையோ காலமாக இருக்கிறது. அம்மா ஒரு நாளும் அங்கே நின்றதில்லை, வெற்றிலைக்கு பஸ் ஸ்டாப் வரை போவாள். கடைக்காரப் பெண்மணி மிச்சச் சில்லறையை எண்ணாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க எறங்கமாட்டியேம்மா நீ,” என்றேன்.

அம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். அவசரமே இல்லாமல் மென்றாள். சில்லறையை வாங்கி இடுப்பில் செருகினாள்.

“எறங்குனா திரும்ப ஏறிப் போகலாம்னு இப்ப தெரியுதுல்ல,” என்றாள். “அதான் எறங்குனேன்.”

ஸ்டாண்டை எடுத்தாள், அந்தத் தெருவின் நடுவிலேயே ஏறி மிதித்தாள்.